எண்பது டிகிரியில் ஒரு பிற்பகல்

ஒரு விடுகதை போடுகிறேன், யோசித்துச் சொல்லுங்கள். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ருசி கிடையாது. ஆயிரம் பேர் வருகிற கூட்டத்தில் அவர்கள் பத்தே பத்துப் பேர். ஆனால் மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் நாற்காலி பிடிப்பவர்கள் அவர்கள்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். ஆயிரம் ஆயிரமாகக் கூட்டம் வந்துகொண்டே இருப்பதால் கொஞ்ச நேரத்தில் எல்லா நாற்காலியும் அவர்களுடையது. மற்றவர்கள் சுவரோரம் நிற்க வேண்டியதுதான். யார் அவர்கள்? பூங்கோதை இதைத் தன் ஒன்பது வயது மகள் மிதுனாவிடம் ஒரு சனிக்கிழமை போட்டபோது, மிதுனா பென்சிலைக் கடித்துக்கொண்டு அரை நிமிடம் யோசித்துவிட்டு, "கல்யாணத்துல முதல் பந்திக்கு ஓடுற நம்ம ஈரோட்டுத் தாத்தா" என்றாள். பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அம்சவேணி, மிதுனாவின் அத்தை, "ஐயோ, மானத்த வாங்குறா பாருங்க அண்ணி" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் தட்டு சாய்ந்து பட்டாணி கட்டிலுக்கடியில் ஓடிற்று. சரியான விடை கார்பன் மோனாக்சைடு. அதைக் கேட்டதும் மிதுனாவின் முகம் விழுந்துவிட்டது. "தாத்தாவே நல்லா இருந்துச்சும்மா" என்றாள்.

தாத்தாவே நல்லா இருந்துச்சும்மா. இந்த வார்த்தையைத்தான் பூங்கோதை பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, கோயம்புத்தூரின் விளிம்பில் இருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தின் முதல் மாடியில், ஒரு உயரமான முக்காலியில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே கணினித் திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கருவி ஒரு வாய் வாயுவை இழுத்து, அதில் எது எவ்வளவு என்று பிரித்து, கோட்டில் மேடுகளாகக் காட்டும். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அதைப் பீக் என்பார்கள். கடைசியாக வருகிற மேடு கார்பன் மோனாக்சைடு. அது வரக்கூடாது. எரிபொருள் கலத்தில் ஓடும் பேருந்துக்கு ஹைட்ரஜன் வேண்டும், மெத்தனாலை உடைத்து ஹைட்ரஜன் எடுத்தால் கூடவே இந்தப் பத்துப் பேரும் வருவார்கள், கலத்துக்குள் இருக்கும் பிளாட்டினத்தின் நாற்காலிகளைப் பிடித்துக்கொள்வார்கள், பேருந்து நின்றுவிடும். அதனால் கலத்துக்குப் போகும் முன்பே அவர்களை மட்டும் எரித்துவிட வேண்டும். கொஞ்சமே கொஞ்சம் காற்றைக் கலந்து, அந்தக் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் ஆயிரம் பேரில் அந்தப் பத்துப் பேரைத் தேடிப் பிடித்து எரித்து, ஹைட்ரஜனைத் தொடாமல் விட வேண்டும். அப்படித் தேர்ந்தெடுக்கத் தெரிந்த, பிளாட்டினம் கலந்த சாம்பல் நிறப் பொடிதான் பூங்கோதையின் வினையூக்கி. ஏழு வருட வேலை. எண்பது டிகிரி வெப்பத்திலேயே தேர்ந்தெடுத்தது. போன ஆறு வாரமும், புதுப் பொடி போட்ட முதல் சில மணி நேரம் தவிர, கடைசி மேடு வந்ததே இல்லை, கோடு அங்கே தூங்குகிற குழந்தையின் நெற்றி மாதிரி நேராக இருந்தது. இன்று அங்கே ஒரு மேடு நிற்கிறது. காலை பதினொன்றிலிருந்து நிற்கிறது. மூன்று மணிக்கு, இங்கிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில், குடும்ப நீதிமன்றத்தின் ஆலோசகர் மிதுனாவைத் தனியாக உள்ளே அழைத்து, யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்கப்போகிறார்.

மூன்று மணிக்கு இன்னும் ஐம்பது நிமிடம், அதாவது நான்கு பீக், என்று கணக்குப் போட்ட பிறகுதான் தன் குழந்தையின் நேரத்தையும் பீக்கால் அளக்கிறோமே என்று அவளுக்கு உறைத்தது. கழுத்தில் கயிற்றில் தொங்கிய சாவி அசைந்து மார்பில் இடித்தது. அது இந்த ஆய்வுக்கூடத்தின் வழக்கம். சோதனைக்குக் கலக்கும் கார்பன் மோனாக்சைடின் சிலிண்டரை யார் திறக்கிறார்களோ அவர்கள் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், மூடும்வரை அறையை விட்டு வெளியே போகக்கூடாது, சாப்பாடு வந்தால் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார்கள். வாசனை இல்லாத விஷத்துக்கு ஒரு ஆள் காவல் இருக்கத்தான் வேண்டும். காலையில் சாவியை மாட்டிக்கொண்டபோது தன்னை யாரும் கேள்வி கேட்க முடியாது என்ற நிம்மதி வந்ததை அவள் மறக்கவில்லை. பெற்றோர் உள்ளே வரக்கூடாது, தாழ்வாரத்தில் காத்திருக்கலாம், இல்லாவிட்டால் தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன் என்று ஆலோசகர் விமலாதேவி சொல்லியிருந்தார். தாழ்வாரத்தில் ஒரே ஒரு பெஞ்சு. அதில் லோகநாதன் உட்கார்ந்திருப்பான். இரண்டு வருடமாகப் பிரிந்து மிதுனாவோடு தனியாக இருக்கும் கணவனோடு ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு, இரண்டு மணி நேரம். அதற்குப் பயந்துதான் இங்கே வந்தாளா? இல்லை, நேற்றே புதுப் பொடி நிரப்பியாயிற்று, புது சிலிண்டர் வந்தாயிற்று, நிறுத்த முடியாது. நிறுத்தினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, நாளைக்கு ஓட்டலாம். நாளைக்கு ஓட்டலாம் என்று நேற்று ஏன் தோன்றவில்லை?

கதவுக்கு வெளியே சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் பொன்னுசாமி கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். இருபது வருடமாக இங்கே சிலிண்டர்களை மாற்றிக்கொண்டிருப்பவர். "மேடம், நேத்து வெச்ச பாத்திரமும் இங்கயே இருக்குதுங்க. எறும்பு சாப்ட்டு முடிச்சிருச்சு, நீங்க எப்பங்க சாப்புடுவீங்க?" என்று கதவைத் திறக்காமலே கத்தினார். "புது சிலிண்டர் எப்படிங்க, சோக்கா இருக்குதா? அலுமினியமுங்க. ஒத்த ஆளே தூக்கிட்டு வந்துட்டேன்." பூங்கோதை திரையைப் பார்த்தபடியே, "பழசு எங்க அண்ணா?" என்று கேட்டாள். எதற்குக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது, ஏதாவது பேசியாக வேண்டியிருந்தது. "அந்த இரும்பு தாத்தனா? உள்ள பூராத் துருவுன்னு கம்பெனிக்காரன் தூக்கிட்டுப் போயிட்டானுங்க. ரெண்டு வருசமா அதுலயே கெடந்தமில்ல. தலகீழாக் கவுத்தா டீத்தூள் மாதிரி கொட்டுதுன்னான்." சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போய்விட்டார். அவருடைய செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. திரையில் கடைசி மேடு எழுந்தது. முன்னதைவிட ஒரு மயிரிழை உயரம்.

துரு. பூங்கோதையின் கை தானாக மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. வாயுக் குழாயில் பொடிக்கு மேலே, அது பறக்காமல் இருக்க, வெள்ளையாகக் கண்ணாடிப் பஞ்சு வைப்பார்கள். ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் பஞ்சின் மேல் பக்கம் பழுப்பாக ஒரு வளையம் இருந்தது. டீ சிந்திய கறை போல. அவள் பார்த்தாள். ஆறு வாரத்தில் எத்தனை முறை, நாலு முறையாவது பார்த்தாள். இடுக்கியால் எடுத்துக் குப்பையில் போட்டாள். முதல் நாள் பொடி சோம்பலாக இருக்கும், மூன்று மணி நேரம் போனால் சுறுசுறுப்பாகிவிடும். அதற்குக் கட்டுரையில் ஒரு பெயர்கூட வைத்தாள், வினையூக்கி பதமடையும் காலம் என்று. பதமடையவில்லை. இரும்புச் சிலிண்டருக்குள் வருடக்கணக்கில் அடைபட்டிருக்கும் கார்பன் மோனாக்சைடு சிலிண்டரின் சுவரையே அரித்து இரும்பை ஆவியாக எடுத்துவரும், அது சூடான இடத்தில் பட்டதும் இரும்பைக் கீழே போட்டுவிடும். இது இரண்டாம் வருட மாணவிக்குத் தெரியும். அதைத் தடுக்கக் கரி வடிகட்டி வைக்க வேண்டும் என்று இவளே பாடம் எடுத்திருக்கிறாள். வடிகட்டி நிரம்பியதும் மாற்றச் சொல்லி எழுதிப் போட்டது இவள், மாற்றாமல் விட்டதும் இவள். மூன்று மணி நேரமும் பொடியின் மேல் இரும்பு மெல்ல மெல்லப் படிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். பிளாட்டினத்தின் நாற்காலிகள் எல்லாவற்றிலும் அந்தப் பத்துப் பேர் உட்கார்ந்துவிட்டால் ஆக்சிஜனுக்கு இடமே இல்லை, யாரை எரிப்பது. இரும்பு பக்கத்திலேயே ஒரு முக்காலி போட்டு ஆக்சிஜனை உட்காரவைத்தது. தேர்ந்தெடுத்தது அவளுடைய பொடி அல்ல. அது வேறொன்று, யாரும் கூப்பிடாமல் வந்தது, டீத்தூள் மாதிரி கொட்டுவது. இரும்பு சேர்த்தால் நடக்கும் என்பதும் ஊரறிந்த விஷயம், எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அவளுடையது என்று அதில் எதுவும் இல்லை. இன்று மூன்று மணி நேரம் தாண்டியாயிற்று. அலுமினியச் சிலிண்டரில் இரும்பு கிடையாது. பொடி விழிக்கப்போவதில்லை.

இரண்டு ஐம்பத்தெட்டு. மிதுனா இப்போது எந்தச் சட்டை போட்டிருப்பாள்? அந்த ஆறு வாரம் எவ்வளவு நன்றாக இருந்தது. அந்த நேரான கோட்டைப் பார்த்துத்தான் மிதுனா தன்னோடு இருக்க வேண்டும் என்று மனு போடும் தைரியமே வந்தது, ஒன்று சரியாக வந்தால் எல்லாம் சரியாக வரும் என்று. சனிக்கிழமைகளும் நன்றாக இருந்தன. காலை பத்து மணிக்கு அம்சவேணியின் ஸ்கூட்டர் வாசலில் நிற்கும், மிதுனா ஹெல்மெட்டோடு ஓடிவந்து வயிற்றில் முட்டுவாள். அம்சா தலை பின்னிவிடுவாள், அம்சா தோசை ஊற்றுவாள், அம்சா ஒரு ஓரமாக உட்கார்ந்து ஏதாவது உரித்துக்கொண்டு எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். மிதுனா பேசுவாள், பேசுவாள், வாய் ஓயாமல் பேசுவாள். யாரிடம் பேசினாள்? பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டாள். ஒரே ஒரு சனிக்கிழமை அம்சாவுக்குக் காய்ச்சல். லோகநாதன் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். அன்று மிதுனா வண்ணப் பென்சில்களை நிறவாரியாக அடுக்கினாள், கலைத்தாள், அடுக்கினாள். மதியம் ஒருமுறையும் மூன்று மணிக்கு ஒருமுறையும், "அத்தைக்குக் காய்ச்சல் விட்டிருக்குமா?" என்று கேட்டாள். ஐந்து மணிக்குச் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அன்று குழந்தைக்கு உடம்பு சரியில்லையோ என்று பூங்கோதை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நெற்றி சில்லென்று இருந்தது. பழுப்பு வளையத்தைப் பார்த்த அதே கண்ணால் அதையும் பார்த்தாள், அதையும் குப்பையில் போட்டாள். ஜப்பானுக்குப் பதினான்கு மாதம் ஆராய்ச்சிக்குப் போய்த் திரும்பியபோது மிதுனாவுக்கு ஆறு வயது, கட்டிலில் தன் இடத்தில் ஒரு தலையணையும் அதன்மேல் அம்சாவின் சால்வையும் இருந்தன. அவள் அதை மடித்து வைத்துவிட்டு அங்கே படுத்தாள். மிதுனா இரவெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, விருந்தாளி பக்கத்தில் படுத்திருப்பதுபோலப் படுத்திருந்தாள். அப்படியானால் வந்து உட்கார்ந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது யார்? அந்தப் பத்துப் பேர் யார்? இல்லை, அப்படி யோசிக்கக்கூடாது, நான் அவள் அம்மா, குழந்தை வயிற்றில் வந்து முட்டுகிறாள், ஹெல்மெட்டோடு முட்டுகிறாள், வலிக்கும்படி முட்டுகிறாள்.

மூன்று மணி நான்கு நிமிடத்துக்கு அவள் அம்சாவைத் தொலைபேசியில் அழைத்தாள். "சொல்லுங்க அண்ணி" என்றது அந்தக் குரல், பின்னால் யாரோ பெயர் கூப்பிடும் சத்தம். உள்ளே கூப்பிட்டுவிட்டார்களா? "இன்னும் இல்லீங்க. எங்களுக்கு முன்னால ரெண்டு குழந்தைங்க இருக்குது. நாலு மணி ஆயிரும்ங்கறாங்க. அண்ணன் டீ குடிக்கப் போயிருக்குது. இவ சன்னல்ல காக்காய எண்ணிட்டு இருக்கறா, பதினேழாம்." பூங்கோதை சாவிக் கயிற்றை விரலில் சுற்றினாள். "நீயும் கூட உள்ள போ அம்சா." "விட மாட்டாங்க அண்ணி, குழந்தை மட்டுந்தான்." "அப்ப நீ அவகிட்ட ஒண்ணு சொல்லு. அம்மாகிட்ட இருந்தா நானும் தினம் வருவேன்னு சொல்லு. உனக்கு மேல் வீட்டையே எடுத்துத் தர்றேன், காலியாத்தான் இருக்கு, நெஜமாவே வந்துடு, பொய் இல்ல." "ஏனுங்க அண்ணி, எனக்கும் ஒரு வீடு, ஒரு மாமியா இருக்குதுங்களே. நான் அண்ணன் வீட்லயேவா இருக்கறேன்? ரெண்டு தெரு தள்ளி இருக்கறேன். குழந்தைகிட்ட நான் எந்தப் பக்கமும் சொல்ல மாட்டேனுங்க. அண்ணனும் கேட்டுப் பாத்துச்சு, அதுக்கும் இதேதான் சொன்னேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்தக் காத்த மூடி வெச்சுட்டு நீங்களே வந்திருக்கலாமில்லங்க? இந்தப் பெஞ்சுல நீங்க வந்து உக்காந்திருந்தா அவ காக்காயவா எண்ணிட்டு இருப்பா?"

நான்கு மணி ஆகும் என்றால் இப்போது புறப்பட்டாலும் போய்விடலாம். சிலிண்டரை மூட ஒரு நிமிடம், குழாயில் மிச்சமிருக்கும் வாயுவை நைட்ரஜனால் விரட்டப் பத்து நிமிடம், ஆட்டோவில் நாற்பத்தைந்து நிமிடம். நான்கு மணிக்குக் குழந்தை உள்ளே போகும் முன் தாழ்வாரத்தில் நிற்கலாம். நின்றால் போதும். பூங்கோதை எழுந்தாள், கயிற்றைக் கழற்றினாள், சாவியைச் சிலிண்டரின் தலையில் பொருத்தினாள். அலுமினியம் விரலில் சில்லென்று பட்டது. கருவி வாயுவை இழுக்கும் டிக் சத்தம் கேட்டது. பன்னிரண்டு நிமிடம். இதன் பலன் தெரிந்துவிட்டால் போதும். பொடி ஒருவேளை மெதுவாக விழிக்கிற பொடியாக இருந்தால்? இரும்பே இல்லாமல், தானாக, அவளுடைய கையால் செய்த பொடியே விழித்துக்கொண்டால்? அப்போது அந்த ஆறு வாரமும் அவளுடையதுதான் என்று ஆகும், அப்போது சனிக்கிழமைகளும். இப்படி ஒரு முடிச்சை யாராவது போடுவார்களா, ஒரு வாயுவின் மேட்டையும் ஒரு குழந்தையின் மனசையும்? போடக்கூடாது என்று தெரிந்தே போட்டாள். ஒரே ஒரு பீக். சாவியைப் பிடித்தபடியே நின்றாள். மேடு வந்தது, அதே உயரம். வெப்பத்தை ஏற்றினால் என்ன என்று நூறுக்கு ஏற்றினாள். நூறில் ஒன்று பார்த்துவிடலாம். நூறிலும் மேடு. நூற்றைம்பதில் மேடு குறைந்தது, அவள் திரையை நோக்கிக் குனிந்தாள். ஆனால் அந்தச் சூட்டில் பொடிக்குக் கண் தெரியவில்லை, ஹைட்ரஜனையும் சேர்த்தே எரித்துக்கொண்டிருந்தது, குழாயின் முனையில் தண்ணீர் துளித்துளியாகக் கோத்து நின்றது. எல்லாவற்றையும் எரித்துவிட்டால் அதற்குப் பெயர் தேர்வா? மறுபடி எண்பதுக்கு இறக்கினாள். ஆறுவதற்கு நேரம் பிடித்தது. ஆறியதும் ஒரே ஒன்று. அவள் இப்படி ஏழு வருடமும் ஒரே ஒன்று, ஒரே ஒன்று என்றுதான் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். "அம்மா, ஒரே ஒண்ணுன்னா எத்தன?" என்று நான்கு வயது மிதுனா ஒருமுறை கேட்டாள். அன்று ஆய்வுக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இப்போது அந்தக் கேள்வி நெஞ்சில் எலும்பு சிக்கியதுபோல நின்றது. மணியைப் பார்த்தபோது நான்கு இருபத்தொன்று.

நான்கு இருபத்தொன்று. கை பழகிய வேலையைப் பிழையில்லாமல் செய்தது, சாவியை வலப்பக்கம் திருப்பி இறுக்கியது, நைட்ரஜனைத் திறந்தது, எச்சரிக்கைக் கருவியில் பூஜ்யம் என்று பார்த்தது, பலகையில் தன் பெயரை அழித்தது. போய்ச் சேரும்போது ஐந்தாகிவிடும், தாழ்வாரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள், துடைப்பம் போடுகிறவர் மட்டும் இருப்பார். இருந்தாலும் போக வேண்டும். போய் அந்தப் பெஞ்சில் உட்கார வேண்டும். சொல்லிவிடு மிதுனா, அத்தை இருக்கிற இடம் என்று சொல்லிவிடு, நான் தாங்கிக்கொள்வேன், எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது, காரணம் தெரிந்தால் தாங்கிக்கொள்ளலாம். இல்லை, சொல்லாதே. அம்மா என்று சொல். துரு என்றாலும் பரவாயில்லை, முக்காலி போட்டது யாராக இருந்தாலும் பரவாயில்லை, எரிந்தது எரிந்ததுதான், அந்த ஆறு வாரம் கோடு நேராகத்தானே இருந்தது, நீ சிரித்தாய்தானே, என் வீட்டில், என் கட்டிலில், என் எதிரே சிரித்தாய்தானே. நைட்ரஜன் குழாயில் உஸ் என்று ஓடிக்கொண்டிருந்தது. முக்காலியின் மேல் தொலைபேசி அதிர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்தது. அது கீழே விழும் முன் அவள் எடுத்தாள்.

ஆலோசகர் விமலாதேவி பேசினார். குழந்தை நன்றாகப் பேசியதாகவும், அழவில்லை என்றும், கேள்வியை இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்ததாகவும் சொன்னார். அம்மாவைப் பிடிக்கும், அப்பாவைப் பிடிக்கும் என்றாளாம். அப்பா வீட்டில் இருக்கிறேன் என்றாளாம். காரணம் கேட்டதற்கு, அத்தை பேச்சே இல்லை, அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்விடலாம் என்றாளாம்.